நெப்ராஸ்காவின் மண்டையோடு

எங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். பிறகு சந்தர்ப்பம் கிடைக்காது. பெயர் இல்லாமல் வருகிறவனை அங்கே சாக விடமாட்டார்கள். முதலில் அவனுக்கு ஒரு பெயர் வைப்பார்கள், அப்புறம் காப்பாற்றுவார்கள். இந்த வரிசை எக்காரணம் கொண்டும் மாறாது.

என் கணவன் டேல் கங்காஸ், ஜனவரி மாதத்து முதல் சனிக்கிழமை மதியம், இடுப்பில் ஒரு துண்டோடு அங்கே போய்ச் சேர்ந்தான். அவனும் அவன் கூட்டாளி வில்ஹோவும் ஏரிக்கரையில் இருக்கிற வில்ஹோவின் சவ்னாவில், அந்த நீராவிக் குளியல் அறையில், ஒரு மணி நேரம் வெந்துவிட்டு, உறைந்த ஏரியில் வெட்டி வைத்த குழியில் முங்குவதற்காக ஓடியிருக்கிறார்கள். முப்பது வருடமாக ஓடுகிற பாதைதான். அன்று மரப்படியில் பனி இறுகிக் கிடந்தது. டேல் வழுக்கி, தலையின் வலது பக்கம் படியில் மோத விழுந்தான்.

ஹெலிகாப்டர் வந்தது. வில்ஹோ அதன் பின்னாலேயே ஓடிக் கத்தியிருக்கிறான். "இவன் டேல் கங்காஸ்! எங்கூட ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து படிச்சவன்! பொண்டாட்டி பேரு மார்லிஸ்! இன்னும் என்னய்யா வேணும்?"

அவர்களுக்கு அடையாள அட்டை வேண்டும். வில்ஹோவும் துண்டோடுதான் நின்றான். துண்டு கட்டிய ஒருவன் துண்டு கட்டிய இன்னொருவனுக்குச் சாட்சி சொல்ல அந்த ஆஸ்பத்திரியின் விதிகளில் இடமில்லை. அடையாளம் தெரியாமல் வருகிறவர்களுக்கு அங்கே அமெரிக்க மாநிலங்களின் பெயர்களை அகரவரிசையில் வைக்கிறார்கள். முந்தின நாள் மொன்டானா வந்து போயிருந்தது. ஆகவே டேல், நெப்ராஸ்கா ஆனான். பிறந்த தேதி தெரியாதவர்கள் எல்லாருக்கும் ஒரே தேதிதான்: ஆயிரத்துத் தொள்ளாயிரம், ஜனவரி ஒன்று. இப்படியாக என் ஐம்பத்திரண்டு வயதுப் புருஷன் நூற்று இருபத்துநாலு வயதில் ஆபரேஷன் அறைக்குள் தள்ளப்பட்டான்.

அறுவை மருத்துவர் ஹெலன் ஓஸ்ட்பி நல்ல மனுஷி. வராந்தாவில் நின்றபடியே எனக்கு விளக்கினாள். "மூளை வீங்கிட்டே போகுது, மார்லிஸ். சுத்தி எலும்பு. வீங்க இடமில்லாட்டி தன்னைத்தானே நசுக்கிக்கும். உள்ள ஒரு கம்பி விட்டு அழுத்தம் பாக்கறோம். இருபதுக்குள்ள இருக்கணும், முப்பத்தெட்டு காட்டுது. மருந்தெல்லாம் குடுத்தாச்சு, இறங்கல. வலது பக்க எலும்பை உள்ளங்கை அகலத்துக்கு எடுத்துடறேன். வீங்கறதுக்கு வழி கிடைச்சா பொழைச்சுக்குவார்."

"எடுத்த எலும்பு?"

"ஃப்ரீசர்ல பத்திரமா இருக்கும். வீக்கம் வத்தினதும் திரும்ப வெச்சுடலாம்."

அவள் சொன்னபடியே எடுத்தாள், அவனும் பிழைத்தான். அவளுக்கு நான் ஆயுளுக்கும் கடன்பட்டவள். இனி வருவது எதுவும் அவள் கை செய்ததல்ல.

அன்று மாலையே டேலின் ஓட்டுநர் அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கவுன்ட்டரில் நகல் எடுத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போறப்ப சரி பண்ணிக்கலாம்" என்றார்கள். மார்ச் நடுவில் வீட்டுக்குப் போகிறபோது, "போனப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்றார்கள். தலையைக் காக்க ஒரு தொப்பி கொடுத்தார்கள், கடினமான பிளாஸ்டிக்கில். அதன் நெற்றியில் நெப்ராஸ்கா என்று அச்சடித்து ஒட்டியிருந்தது. டேல் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, நான் அந்த ஊருக்குப் போனதே இல்ல" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

பிறகு தொலைபேசி வர ஆரம்பித்தது.

"மிஸ்டர் நெப்ராஸ்கா இருக்காரா?"

"அப்படி யாரும் இங்க இல்லைங்க."

"எப்ப வருவார்?"

முதியோர் பிரிவிலிருந்து அவருக்கு வாழ்த்து அட்டை வந்தது. விழாமல் நடப்பது எப்படி என்று ஒரு வகுப்புக்கு அழைப்பு வந்தது. வீட்டில் தனியாக வாழும் முதியவர் சாப்பிடுகிறாரா என்று பார்க்க ஒரு நர்ஸ் வந்தாள். என் சமையலறையில் உட்கார்ந்து, டேலுக்கு நான் ஓவனில் சுட்டு வைத்திருந்த உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் முழுவதையும் கண்ணால் அளந்துவிட்டு, "நெப்ராஸ்கா எங்க படுக்கிறார்?" என்று கேட்டாள். நான் டேலைக் காட்டினேன். அவள் அவன் தலையைப் பார்த்தாள், கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "இவருக்கு வயசு பத்தாது" என்று சொல்லிவிட்டு, மாடிக்குப் போய் அறை அறையாகத் தேடினாள். மேலே அவள் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டேல் கூரையைப் பார்த்தபடி கீழே உட்கார்ந்திருந்தான்.

ஏப்ரலில் வீக்கம் முழுக்க வற்றியது. எலும்பு இல்லாத இடத்தில் தோல் உள்ளே இறங்கி, ஒரு கிண்ணம் கவிழாமல் நிற்கும் அளவுக்குக் குழி விழுந்தது. அதோடு டேலும் இறங்க ஆரம்பித்தான். இடது கை சொன்னபடி கேட்கவில்லை. காபிக் கோப்பையை நழுவவிட்டான். பேச்சு நடுவில் நிற்கும். உட்கார்ந்தால் மங்கிப்போவான், படுக்க வைத்தால் கொஞ்சம் தெளிவான். ஹெலன் ஓஸ்ட்பி பார்த்த உடனே சொல்லிவிட்டாள்: "வெளிக்காத்து மூளையை அழுத்துது. எலும்பைத் திரும்ப வெச்சா சரியாயிடும். தள்ளிப் போடக்கூடாது, ஒவ்வொரு வாரமும் அவர் கொஞ்சம் கொஞ்சமா போயிட்டிருக்கார்."

"அப்ப வைங்க."

அவள் கணினியைத் திருப்பிக் காட்டினாள். டேல் கங்காஸ்: மண்டையோடு முழுமை, அறுவை சிகிச்சை ஏதுமில்லை. "முழுசா இருக்கிற மண்டைக்கு எலும்பு வைக்க இது தேதி குடுக்காது. நான் கண்ணால பாக்கறேன், மார்லிஸ். திரை பாக்க மாட்டேங்குது."

பதிவேட்டுப் பிரிவில் கார்லீன் ஷ்ரோடர் என்ற அம்மாள் இருந்தாள். அவள் பதவியின் பெயர் அடையாள ஒருமைப்பாட்டு அதிகாரி. மேசையில் பூனைப் படம் போட்ட கோப்பை. நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

"எலும்பு மிஸ்டர் நெப்ராஸ்காவோடது. அவர் வந்து கேட்டா குடுத்துடுவோம்."

"இதோ நிக்கிறாரே."

"அட்டை?"

"அட்டை இல்லாததாலதானே அந்தப் பேரையே வெச்சீங்க!"

"கரெக்ட்" என்றாள் கார்லீன், நான் ஏதோ பரீட்சையில் தேறிவிட்டது மாதிரி. "அதனாலதான் அவர் விஷயத்துல நாங்க ரொம்ப ஜாக்கிரதையா இருக்கோம். அவருக்குன்னு பேச யாரும் இல்ல பாருங்க."

எலும்புகள் இருக்கும் ஃப்ரீசர் அடித்தளத்தில். அதற்குக் காவல் டுவேன், தடித்த கையுறை போட்ட ஒல்லி மனிதன். எங்களைப் பார்த்து இரக்கப்பட்டானோ என்னவோ, இழுப்பறையைத் திறந்து பொட்டலத்தை எடுத்தான். வெள்ளைப் புகை தரையில் இறங்கியது. பனி படிந்த உறைக்குள் என் புருஷனின் தலையில் ஒரு துண்டு, மேலே இன்னொருவன் பெயர். டுவேன் அதை டேலின் தலைக்கு அருகே, தொடாமல், ஒரு சாண் தள்ளிப் பிடித்தான். ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"அச்சா பொருந்துது."

"அப்ப குடுங்களேன்."

"பொருந்தறது அடையாளம் இல்லம்மா." பொட்டலத்தைத் திரும்ப உள்ளே வைத்தான். "ஆறு மாசம்தான் வெச்சிருப்போம். ஜூலை ஆறாம் தேதி எரிச்சுடுவோம். அதுக்குள்ள சொந்தக்காரரை வரச் சொல்லுங்க."

டேல் அந்த இழுப்பறையைப் பார்த்துக்கொண்டே நின்றான். காரில் ஏறும்போது வலது பக்கம் தலையைத் தடவி, "அவனுக்குக் குளிருது, மார்லிஸ்" என்றான்.

"யாருக்கு?"

"கீழ இருக்கானே, அவனுக்கு."

அதிலிருந்து மிஸ்டர் நெப்ராஸ்கா எங்கள் வீட்டிலேயே இருந்தார். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. டேல் மேசையில் மூன்றாவது கோப்பை வைப்பான். தொலைபேசி அடித்தால் எனக்கு முன்னால் எடுத்து, "நெப்ராஸ்கா குளிர்ல மாட்டிக்கிட்டான், வந்ததும் சொல்றேன்" என்று மரியாதையாகப் பதில் சொல்வான். சாப்பிடும்போது காலி நாற்காலியைப் பார்த்து ஒதுங்கி இடம் விடுவான். நான் ஒருநாள் ஆத்திரத்தில் அந்த நாற்காலியைத் தூக்கிக் கொண்டுபோய்க் கார் ஷெட்டில் வைத்தேன். திரும்பி வந்தபோது டேல் நின்றுகொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டான். எனக்குப் பயமாக இருந்தது. பட்டப்பகலில், என் வீட்டில், என் புருஷனைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது.

ஹெலன் ஓஸ்ட்பி நச்சரித்து நச்சரித்து, ஜூன் மாதத்தில் அடையாளக் குழுவைக் கூட்ட வைத்தாள். நீள மேசை, காபி, சர்க்கரை தூவிய டோனட்கள். குழுவுக்குத் தலைவர் பிரெஸ்டன் வோகல், ஆஸ்பத்திரியின் நோயாளி அனுபவத் துறைக்குத் துணைத் தலைவர். வெள்ளைப் பல்வரிசை. எழுந்து நின்று பேசினார்.

"எங்களுக்கு ஒவ்வொரு நோயாளியும் ஒரு கதை. உங்க விஷயத்துல ஒரு கதை ரெண்டாயிடுச்சு, அதான் எல்லாருக்கும் வருத்தம். ஆனா ஒண்ணு சொல்லணும், மிஸஸ் கங்காஸ். மிஸ்டர் நெப்ராஸ்கா இந்த ஆஸ்பத்திரியோட பெருமை. நூத்தி இருபத்துநாலு வயசுல இந்த ஆபரேஷன்ல பொழைச்சவர் வேற எங்கயும் கிடையாது. டென்வர் மாநாட்டுல நான் அவரைப் பத்திப் பேசினப்ப எழுந்து நின்னு கைதட்டினாங்க. முன்வாசல்ல அவருக்கு ஒரு படம் மாட்டப் போறோம்."

"யாரோட படம்? அப்படி ஒரு ஆளே கிடையாதே!"

"கிடையாதுங்கறதுக்கு ஆதாரம் இருக்கா?"

"நீங்க அவரைப் பாத்திருக்கீங்களா?"

"நான் யாரையும் பாக்கறதில்ல, மேடம்" என்றார் வோகல், கொஞ்சமும் கூச்சப்படாமல். "நான் அனுபவத் துறை."

இதற்குள் உட்கார்ந்திருந்த டேலுக்கு முகம் தொங்கி, வாயோரம் எச்சில் வழிந்தது. நானும் ஹெலனும் அவனைத் தூக்கி, வேறு இடம் இல்லாததால், மேசை மீதே படுக்க வைத்தோம். டோனட் தட்டைக் கார்லீன் நகர்த்திக் கொடுத்தாள். தொப்பியைக் கழற்றினேன். அவன் தலையின் குழி கூட்டத்தின் நடுவில் இருந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. எல்லாரும் தாளைப் பார்த்தார்கள்.

"இந்த மேசை நோயாளிகளுக்கு அங்கீகரிக்கப்பட்டதில்ல" என்றார் வோகல்.

"அவர் நோயாளியே இல்லன்னுதான் உங்க கணினி சொல்லுதே" என்றாள் ஹெலன்.

"அதுவும் சரிதான்" என்று வோகல் ஆட்சேபத்தை வாபஸ் வாங்கினார்.

படுத்த சிறிது நேரத்தில் டேலுக்குத் தெளிவு வந்தது. விளக்கைப் பார்த்தபடியே பேசினான். "அவன் எலும்பை அவன்கிட்டயே குடுத்துடுங்க. ரெண்டு பேர்ல ஒருத்தனாவது முழுசா இருக்கட்டும்."

"பாத்தீங்களா, எவ்வளவு பெருந்தன்மை" என்று வோகல் கண் கலங்கினார். குறிப்பில் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

கார்லீன்தான் வழி கண்டுபிடித்தாள். இரண்டு கோப்புகளையும் இணைத்துவிடலாம். இணைத்தால் ஒன்று நிற்கும், இன்னொன்று முடித்துவைக்கப்படும். நிற்கிற கோப்புக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர், உயிர் பிழைத்த கோப்பு.

"எது நிக்கணும்னு யார் முடிவு பண்ணுவாங்க?"

"கணினிதான். எதுல பக்கம் அதிகமோ அது." அவள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். "மிஸ்டர் நெப்ராஸ்கா, நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு. உங்க கணவர், ஒன்பது."

ஒன்பது பக்கம். ஒரு மரு, இரண்டு காய்ச்சல் ஊசி, கட்டைவிரலில் ஏறிய தூண்டில் முள். இருபத்தாறு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவன் டாக்டரிடம் போகாமல் ஆரோக்கியமாக இருந்துவிட்டான், அதுதான் அவன் செய்த தப்பு.

ஹெலன் என் காதருகே குனிந்தாள். "எந்தப் பேர்ல வேணா இருக்கட்டும். எனக்கு எலும்பு கைக்கு வந்தா போதும். ஒத்துக்கோ."

டேல் கங்காஸ் என்ற நபரின் கோப்பை முடித்துவைக்கச் சம்மதம் என்று எழுதிய தாளில், அவன் மனைவி என்ற முறையில், அவன் மேசைமேல் படுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நான் கையெழுத்துப் போட்டேன். கார்லீன் எனக்கு ஒரு டோனட் கொடுத்தாள். அதை நான் தின்றேன் என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஆபரேஷனுக்கு முன்பு நோயாளி தன் வாயால் தன் பெயரைச் சொல்ல வேண்டும். கையில் கட்டிய பட்டையோடு அது ஒத்துப்போக வேண்டும். ஒரு வாரம் டேலுக்குச் சொல்லிக் கொடுத்தேன். "பேரு கேட்டா நெப்ராஸ்கான்னு சொல்லு. சும்மா ஒரு பேச்சுக்குத்தான். சரியா?" அவன் என்னை விசித்திரமாகப் பார்ப்பான். ஜூன் கடைசியில் அந்தக் காலை வந்தது. நர்ஸ் பட்டையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பேரு என்ன?" என்றாள்.

"நெப்ராஸ்கா" என்றான் உடனே. தயக்கமே இல்லை. பிறகு என்னைக் காட்டி நர்ஸிடம் மெதுவாகக் கேட்டான். "இந்தம்மா ரொம்ப நல்லவங்க. இவங்க புருஷன் எங்க?"

"தெளிவா இருக்கார்" என்று நர்ஸ் எழுதிக்கொண்டாள். அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நான் அந்த நான்கு மணி நேரமும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனது யார், வெளியே வரப்போவது யார் என்று எனக்குத் தெரியவில்லை.

எலும்பு போய் அதன் இடத்தில் உட்கார்ந்தது. இரண்டாம் நாள் டேல் கண் திறந்து, தொண்டையைச் செருமி, "மார்லிஸ், படகைத் தண்ணில இறக்கிட்டியா? மீன் சீசன் ஆரம்பிச்சிருக்குமே" என்றான். இடது கையால் என் மூக்கைப் பிடித்துத் திருகினான்.

நர்ஸ் ப்ரூக் உள்ளே வந்தாள். சிரித்த முகம், நல்ல பெண். "ஐயா, உங்க பேரு என்ன?"

"டேல் கங்காஸ்."

அவள் முகம் வாடிவிட்டது. தவறு என்று குறித்தாள். "பரவால்ல ஐயா, மெதுவா ஞாபகம் வரும்."

மறுநாளும் டேல் கங்காஸ். அதற்கு மறுநாளும். நினைவுப் பயிற்சிக்கு ஒருத்தி வந்து, நெப்ராஸ்கா மாநிலத்தின் வரைபடத்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்து, "இது யாரு? சொல்லுங்க பாப்போம்" என்றாள். பிறந்த வருடம் கேட்டபோது அவன் உண்மையைச் சொல்ல, தாளில் இன்னொரு சிவப்புக் கோடு. வோகல் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்; உள்ளே வரவில்லை. ஐந்தாம் நாள் ஒரு தாள் வந்தது. தான் யார் என்று தெரியாத நிலை நீடிப்பதால், திங்கட்கிழமை மறதி நோயாளிகளுக்கான விடுதிக்கு மாற்றம். அங்கே கதவுக்கு வெளிப்பக்கம்தான் பூட்டு.

"சொல்லிடு டேல்" என்றேன். "ஒரு வார்த்தை. சொல்லிட்டு வீட்டுக்கு வந்துடு."

"முடியாது."

"அன்னிக்குச் சொன்னியே!"

"நான் சொன்னேனா?" அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "எனக்கு ஞாபகம் இல்ல மார்லிஸ். அதான் பயமா இருக்கு. திரும்பச் சொன்னா, திரும்ப அங்கயே போயிடுவேனோன்னு."

நான் அவனை வற்புறுத்தவில்லை. எனக்கும் அதே பயம்தான்.

திங்கட்கிழமை காலை, தள்ளுநாற்காலி வாசலில் வந்து நின்ற பிறகு, ப்ரூக் கடைசியாக ஒரு தடவை கேட்டாள். குரலில் கெஞ்சல் இருந்தது. "ஐயா, எனக்காக. உங்க பேரு என்ன?"

டேல் வாயைத் திறக்கவில்லை. யார் பதில் சொல்லப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாத அந்தச் சில நொடிகளை நான் இன்னும் கனவில் காண்கிறேன். பிறகு அவன் தலையைத் தூக்கி, ப்ரூக்கின் கண்ணை நேராகப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக, "நெப்ராஸ்கா" என்றான்.

அந்த முகத்தை எனக்குத் தெரியும். ஆறு மீனுக்கு மேல் பிடிக்கக்கூடாத ஏரியில், படகின் அடியில் பதினொன்றை ஒளித்து வைத்துக்கொண்டு, ரோந்து வரும் காவலரிடம் "ஆறுதான் ஆபீசர்" என்பான், அதே முகம். என் புருஷன் பொய் சொல்கிறான். கூசாமல், முழு மனதோடு, தான் யார் என்று நன்றாகத் தெரிந்துகொண்டு பொய் சொல்கிறான். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

ப்ரூக் என் தோளைக் கட்டிக்கொண்டாள். அவளும் அழுதாள். "பாத்தீங்களா" என்றாள், "இப்பதான் முழுசா திரும்பி வந்திருக்கார்."

"ஆமாம்மா" என்றேன்.